மெனுவில் பன்னிரண்டாவது வரி

காலை பதினொன்று பத்துக்குப் பிரிண்டர் கடைசித் தாளைத் துப்பியது. எங்கள் பழைய மெஷினில் இருக்கும் ஆயிரத்து நானூற்று முப்பது புரோகிராம்களில் எதெல்லாம் புது மெஷினில் ஓடும், எது ஓடாது என்ற பட்டியல் அது. பக்கம் பக்கமாக 'ஆகும்' என்றே வந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு 'ஆகாது'. அது எந்தப் புரோகிராம் என்று இரண்டு தடவை பார்த்தேன்.

எங்களுடையது மருந்துக் கிடங்கு. மதியம் லாரியில் பெட்டி ஏறுவதற்கு முன் அந்தப் புரோகிராம்தான் ஒவ்வொன்றையும் சோதித்து, காலாவதியானதையும் தயாரித்தவர்கள் திரும்பக் கேட்டதையும் நிறுத்திவைக்கும். அது சரி என்று சொல்லாமல் ஒரு மாத்திரை வெளியே போகாது. அதை எழுதிக் கொடுத்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. அதன் மூல நிரல் யாரிடமும் கிடையாது. ஆனாலும் நாங்கள் கவலைப்பட்டதில்லை. இந்த மெஷினில் ஒவ்வொரு புரோகிராமும் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளத் தேவையான குறிப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். புது மெஷின் அதைப் படித்துத் தனக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளும். இந்த ஒன்றில் மட்டும் அந்தக் குறிப்பை யாரோ உருவியிருந்தார்கள். உருவிய தேதி போன மாதம் பதினாலு என்று தாளிலேயே இருந்தது.

புது மெஷினை நிறுவ வந்திருந்த, எப்போதும் கழுத்தில் டை கட்டிய டைக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பேக்கப்புல இருக்குமே?"

"டேட்டா மட்டும்தான் சார் எடுக்கறோம். புரோகிராம் மாறவே மாறாது, அதைப் போய் தினமும் எதுக்கு எடுக்கணும்னு..." பாதியில் நிறுத்தி, தாளை மடித்தேன்.

மேனேஜர் வந்தார். கத்தவில்லை, அவர் கத்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும். "புது மெஷினுக்கு ஒரு ஆள் போதும்னு போன வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன். யாரை வச்சுக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். இனி யோசிக்க வேண்டாம். இதைப் பண்ணினது யாருன்னு தெரியட்டும், அவங்க போகட்டும்."

"நாளைக்குக் காலையில அன்னைக்கு மெஷின் எழுதிவச்ச லாக்கை எடுத்துப் பார்த்துடறேன். யார் எந்த ஐடியில என்ன பண்ணினாங்கன்னு அதுல வந்துடும்" என்றார் டைக்காரர்.

மெஷின் இருக்கும் அந்தக் கண்ணாடி அறையில் வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஆபரேட்டர் நான், புரோகிராமர் கமா. ஒரு கமா விட்டுப்போனதைத் தேடி இரண்டு நாள் கிடங்கையே நிறுத்திவைத்தவர் என்பதால் அந்தப் பெயர். பத்தொன்பது வருஷமாக ஒரே ஏசியில் விறைத்துக்கொண்டிருக்கிறோம். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது என் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறார். இருந்தும் அந்த நிமிஷம் என் புத்தி நேராக அவரிடம்தான் போனது. ஒரு புரோகிராமின் வயிற்றைக் கிழிக்கத் தெரிந்தவர் இங்கே வேறு யார்? எது புது மெஷினுக்குப் போகாதோ அதைப் புதிதாக எழுதித்தர அவரை விட்டால் ஆள் ஏது? அவரோ ஒன்றும் நடக்காத மாதிரி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நிதானமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மதியம் வீட்டுக்குப் போன் போட்டு, நடந்ததையும் கமா மேல் சந்தேகம் என்பதையும் சொன்னேன். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் வேலைக்குப் போவதில்லை. மூன்று பேர் சாப்பாடும் என் ஒருத்தி கையில்.

"அந்தாளு சிரிக்கிற லட்சணமே சரியில்லைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

"நீங்க எப்பங்க சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன். நீ வாயை மூடிக்கிட்டு இரு. லாக் வரட்டும், தானா மாட்டுவான்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் கை சும்மா இருக்குமா? வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். பதினாலாம் தேதிக் கட்டத்தில் கமாவின் பெயருக்கு நேராக 'விடுப்பு' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று போயிருந்தார். டைக்காரர் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. அன்றைக்கு அறையில் இருந்தது நான் மட்டும்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டைக்காரர் முந்தின வாரம் ஏற்றிவிட்டுப் போன சோதனைக் கோப்புகளால் டிஸ்க் தொண்ணூற்று மூன்று சதவீதத்துக்கு வந்து, திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. கமாவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே சாதாரணமாகத்தான் சொன்னார்: "உங்க மெனுல கடைசியா பன்னிரண்டு இருக்கே, 'இடம் மீட்டல்'னு. அதைப் போட்டு விடுங்க மேடம்." பத்தொன்பது வருஷத்தில் பதினொன்றாவது வரிக்குக் கீழே நான் போனதே இல்லை. போட்டேன். டிஸ்க் எண்பத்தெட்டுக்கு இறங்கியது. நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

இப்போது அந்தப் பன்னிரண்டுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். மூன்றே வரி. முதல் வரி, இருபது நாளுக்கு மேற்பட்ட லாக்கை அழிக்கும். இரண்டாவது, தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும். மூன்றாவது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கனமான புரோகிராம்களில் உள்ள குறிப்பை உருவி இடத்தை மிச்சப்படுத்தும். அவ்வளவு கனமானது எங்களிடம் ஒன்றே ஒன்றுதான்.

லாக்கில் வரப்போவது என் ஐடி. போனில் அவர் சொன்னது எந்த லாக்கிலும் வராது. தெரியாமல் சொன்னாரா? ஒரு கமாவுக்கு இரண்டு நாள் தேடும் மனிதர், மூன்று வரியைப் படிக்காமலா ஒருத்தியைப் போடச் சொல்லுவார்? அன்றைக்கு மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், பாவம், வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார் என்றும் ஒரு மனம் சொன்னது. அந்த மனதை நம்பி என் பிழைப்பை வைக்க முடியுமா?

நாலு மணிக்குக் கதவு திறந்தது. கமா இரண்டு டீயோடு வந்து, ஒன்றை என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். என் திரையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"டிஸ்க் மறுபடியும் தொண்ணூறு தாண்டிடுச்சு போல" என்றார். "பன்னிரண்டு போட்டு விடுங்களேன் மேடம்."

டீயைத் தொடாமல் கேட்டேன். "அதுல என்னென்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"பழைய லாக்கெல்லாம் போகும்." டீயை ஊதினார். "வேற என்ன?"

"அப்ப நீங்களே போடுங்களேன்."

"என் ஐடிக்கு அந்த மெனு வராதே. உங்களுக்குத் தெரியாததா?" சிரித்தார். பத்தொன்பது வருஷமாகப் பார்த்த அதே சிரிப்பு. நல்லதா கெட்டதா என்று இன்றைக்கு மட்டும் பிடிபடவில்லை.

பதினாலாம் தேதி லாக்குக்கு இருபது நாள் தாண்டிவிட்டது; அது போய்விட்டால் நாளைக் காலையில் யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதை அழித்தது யார் என்று இன்றைய லாக்கில் இருக்கும். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாரா, இரண்டாம் முறையும் என் கையாலேயே என்னை மாட்டிவிடப் பார்க்கிறாரா? கேட்டுவிடலாம். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லப் போகிறாரா?

மெனுவுக்குத் திரும்பினேன். ஒன்று, இரண்டு என்று இரண்டு விசைகளைத் தட்டினேன். பச்சை எழுத்தில் 12 நின்றது, என்டர் தட்டுவதுதான் பாக்கி. அதன் பக்கத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னியது. கண்ணாடிச் சுவரில் கமாவின் நிழல் அசையாமல் நின்றது. என் டீயில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. அவரும் தன் டீயை இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.