கொழுந்தன் அளவு

தான் வடிவமைக்கும் சரக்குக் கப்பலின் எடையில் அறுபத்திரண்டு டன் குறைத்திருந்தாள். ஏழு மாத வேலை. குறைந்த அளவுக்கு ஒவ்வொரு பயணத்திலும் கூடுதலாகச் சரக்கு ஏற்றலாம். கணினி ஒப்புக்கொண்டது. மேனேஜர் பாதி ஒப்புக்கொண்டார்.

"காகிதத்துல எல்லாக் கப்பலும் மிதக்கும்மா. வெல்டர் உள்ள போய் வேலை செய்ய முடியுமா? நாலு மணிக்குத் தகடு வெட்டணும். முடியலைன்னா பழைய வரைபடம்தான்."

கப்பலின் அடியில் இரண்டு தளங்கள், இடையே வரிசையாக அறைகள். அறைக்கு அறை ஒரு தடுப்புத் தகடு. அதிலுள்ள துளை வழியாகத்தான் வெல்டர் நுழையவேண்டும். தகட்டை மெல்லியதாக்கியிருந்தாள். தாங்கவேண்டுமே என்று துளையையும் சிறிதாக்கியிருந்தாள்.

தச்சர் பட்டறையில் பிளைவுட்டால் அதே அளவில் மாதிரி அறை ஒன்று செய்து வைத்திருந்தார். சோதனைக்கு வந்த வெல்டரைப் பார்த்ததும் துளையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவள் கொழுந்தன்.

"வேற ஆளே கிடைக்கலையா?"

"நான் நுழைஞ்சா எல்லாரும் நுழையலாமாம் அண்ணி. மேனேஜர் தேடிப் பிடிச்சு அனுப்பினார்."

"காலையில எத்தனை தட்டு சாப்பிட்டே?"

"போட்டது நீங்கதானே. கப்பலுக்கு மட்டும்தான் குறைப்பீங்களா?"

தோல் கோட்டும் முகமூடியுமாகத் தலையை விட்டான். தோள் ஒருக்களித்துப் போனது. வயிறு நின்றுவிட்டது.

"மூச்சை விடு."

"விட்டாச்சு."

"பின்னால வா."

"அதுவும் ஆகாது."

தச்சர் டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

"அண்ணி, என்னமோ எடுக்கறாரே?"

"ரம்பம்."

"பிளைவுட்டைத்தான் அறுக்கணும்னு சொல்லிடுங்க."

"எது லேசோ அதை அறுக்கறேன்," என்றார் தச்சர்.

இரண்டு பக்கமும் அறுத்தார். கொழுந்தன் உள்ளே வழுக்கிப் போனான். மூலைக்கு மூலை தட்டும் சத்தம் கேட்டது.

"நாலு மூலையும் கைக்கு எட்டுது அண்ணி. வேலை சுகமா நடக்கும்."

டேப் வைத்து அளந்தாள். நானூறு மில்லிமீட்டர் அகலமாக இருந்த துளை இப்போது நானூற்று எண்பத்தேழு. மணி இரண்டே கால்.

கணினியில் புதிய அளவைப் போட்டாள். தகடு சிவப்பாகிவிட்டது. தாங்காது. தகட்டைத் தடிமனாக்கினால் குறைத்த எடையெல்லாம் திரும்ப ஏறிவிடும்.

வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளை ஏன் தகட்டின் ஓரத்தில் இருக்கிறது? பழைய வரைபடத்தில் அங்கே இருந்தது, அதனால்தான். ஏழு மாதம் ஒவ்வொரு இரும்புச் சட்டத்தையும் கேள்வி கேட்டவள் இதைக் கேட்கவில்லை. பாரம் அழுத்துவது ஓரங்களில். நடுவில் தகட்டுக்கு வேலை குறைவு.

துளையை நடுவுக்கு நகர்த்தினாள். சிவப்பு போயிற்று. துளை பெரிதானதால் இரும்பும் குறைந்தது. இப்போது மொத்தக் குறைப்பு அறுபத்துநாலு டன்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அதென்ன நானூத்தி எண்பத்தேழு? முழுசா ஒரு எண் கிடைக்கலையா? எந்தக் கணக்கும்மா இது?"

"கொழுந்தன் கணக்கு சார்."

வெளியே நின்றவனின் வயிற்றை எட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பட்டறை வாசலில் கொழுந்தன் கோட்டிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நான் ஒல்லியா இருந்திருந்தா இந்த ரெண்டு டன் மிச்சமாகியிருக்காதுல்ல அண்ணி?"

"கப்பல் தண்ணியில இறங்கற வரைக்கும் இதே அளவுல இரு. ஒரு சுத்து ஏறினாலும் வம்பு."

"அப்போ சாப்பாட்டைக் குறைக்க மாட்டீங்க."

"கூட்டவும் மாட்டேன்."

தச்சர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"எதுக்கும் ரம்பத்தைக் கைக்கெட்டற இடத்துலயே வெக்கறேன்," என்றார்.