ஊதாத சைரன்

1

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. புதிதாகக் குடிபோன ஊரில், கடையில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஊரே அலறியது. சோப்பைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க சத்தம் இது?" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சனிக்கிழமைங்க" என்றார்.

அணை திறந்தால் ஊரை எச்சரிக்க வைத்திருக்கும் சைரனாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஊதிச் சோதிப்பார்களாம். அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோப்பைக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

2

"ஆபத்து எப்போதும் சத்தமில்லாமல்தான்…" (இல்லை. இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

"சைரன்காரி கம்பத்திலிருந்து விழுந்த அன்று…" (பரவாயில்லை. ஆனால் அறிமுகம் செய்யும் முன்பே ஒருத்தியைக் கீழே தள்ளுவது அநியாயம்.)

நேராகவே சொல்கிறேன். நகராட்சி அலுவலகத்தில் சைரன்களைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியன் அவள். ஊர் அவளைச் சைரன்காரி என்கிறது. சைரன் சத்தம் எட்ட வேண்டிய ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு 'கேட்பவர்' உண்டு.* சோதனை முடிந்ததும் அவர் போன் போட்டு, "கேட்டுச்சு" அல்லது "கேக்கல" என்று சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் அவள் சைரன் கம்பத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். ஆற்றோரத் தெருவுக்குக் கேட்பவர் அவளுடைய அண்ணன். அணை திறந்தால் தண்ணீர் முதலில் நுழையும் தெரு அதுதான்.

* சம்பளமில்லாத பதவி. ஒரு டார்ச் லைட் மட்டும் கொடுப்பார்கள். பெரும்பாலும் எரியாது.

3

ஒரு மாதம் முதல் சனிக்கிழமையன்று சைரன் ஊதவில்லை. பேட்டரி மாற்றும் வேலை இழுத்துக்கொண்டே போனதால் சோதனையைத் தள்ளிவைத்திருந்தார்கள். கேட்பவர்களுக்குத் தகவல் சொல்ல அவள் மறந்துவிட்டாள். பதினொன்று ஆனதும் போன் அடித்தது.

பள்ளிக்கூடத் தெரு, "கேட்டுச்சு" என்றது. சந்தைத் தெரு, "காது கிழியுதும்மா" என்றது. அடுத்து அண்ணன்.

"நல்லா கேட்டுச்சும்மா. போன மாசத்தைவிடத் தெளிவா இருக்கு."

சைரன் பட்டனை அழுத்துகிற சக ஊழியர், "ஊதாமலே இவ்வளவு நல்லா கேக்குதுன்னா நமக்கு எதுக்கு பேட்டரி?" என்றார். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் அண்ணன் சொன்ன அந்தப் 'போன மாசம்' அவளை உறுத்தியது. மற்றவர்கள் பழக்கத்தில் சொன்னார்கள். அண்ணனோ ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார். அதற்கு யோசனை வேண்டும்.

4

அண்ணன் விஷயத்தில் எனக்கும் தடுமாற்றம்தான். முதல் பிரதியில் அவருக்குக் காது மந்தம் என்று எழுதினேன். காது மெஷின் வாங்கிக் கொடுத்ததும் கதை முடிந்துவிட்டது. அடித்தேன். அடுத்ததில் சோம்பேறி ஆக்கினேன். ஆனால் முன்பு தங்கை கம்பத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவு போட்டுவிட்டு வந்து அவளுக்குத் தலைவாரிவிட்டவர் அவர். சோம்பேறி என்று எழுதக் கை வரவில்லை.

சாயங்காலம் அவள் போனபோது அண்ணன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு சைரன் ஊதவே இல்லண்ணே."

பம்ப் நிற்கவில்லை.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"கம்பத்துக்கும் நம்ம தெருவுக்கும் நடுவுல அந்த அடுக்குமாடி எழும்பினதுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஏறுவ."

அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். "ஒரு தடவை விழுந்தது போதாதா? அவர் சொன்னதுல என்ன தப்பு?"

"தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"நீ போன் பண்ண மாட்டியா என்ன?" என்றார் அண்ணன்.

"உங்களுக்குப் பண்ணுவேன். எதிர் வீட்டுக்கு யார் பண்றது?"

எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகுதான் பம்பைக் கீழே வைத்தார். தங்கைக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. தன்மேல் வைத்த பாசத்துக்கு இந்தத் தெரு முழுவதும் பலியாக இருந்ததே என்று நினைத்தாள்.

5

முடிவு, முதல் முயற்சி: மழை பிடித்துக்கொண்டது. அணை… (வேண்டாம். ஒருவருக்குப் புத்தி சொல்ல ஒரு தெருவை மூழ்கடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

இரண்டாவது: அவள் மேலதிகாரியிடம் சொன்னாள். உடனே புதுக் கம்பம்… (அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.)

சரி, நடந்தது இது. அவள் ஏறினாள். சைரனின் ஒலிக்குழாயை ஆற்றோரத் தெருப் பக்கம் திருப்பி இறுக்கினாள். இறங்கியதும் பட்டன்காரரிடம், "இந்தத் தடவை சனிக்கிழமையும் வேண்டாம், பதினொண்ணும் வேண்டாம். இந்த வாரம் ஒருநாள் சோதனைன்னு மட்டும் ஊருக்கு அறிவிச்சிடுங்க. எந்த நாள்னு எனக்கும் சொல்லாதீங்க" என்றாள்.

அந்த வாரம் வேலை போக மீதி நேரமெல்லாம் அவள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, டிவியையும் ஓடவிட்டாள். வெள்ளம் வரும் நாளில் யாரும் காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நிற்கப்போவதில்லையே. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறினப்ப கால் நடுங்கிச்சா?" என்றார் அண்ணன்.

"நடுங்கிச்சு."

அவர் டிவி பக்கம் திரும்பினார். திடீரென்று கையை உயர்த்தினார். "ஏதோ கேட்ட மாதிரி…"

"எனக்காகச் சொல்லாதீங்கண்ணே."

அவர் கை அப்படியே நின்றது.

6

சைரன் அப்போது ஊதிக்கொண்டுதான் இருந்தது. எழுதுகிறவன் நான், அதை ஊதவைத்துவிட்டேன். கூடத்துக்குள் கேட்டதா என்பதை மட்டும் எழுதமாட்டேன். இவ்வளவு நேரம் நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாதீர்கள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்லுங்கள். அவள் மறுபடி ஏறுவாள்.