பின் சீட்டில் தூங்குகிறவள்

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கலங்கரை விளக்கத்தின் கழிப்பறையிலிருந்து வெளியே வந்த சோடாபுட்டிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பேருந்து நின்ற இடத்தில் அதன் ஏசி சொட்டிய ஈரம் மட்டும் தரையில் கிடந்தது. நிழலுக்காகத் தள்ளி நிறுத்தியிருப்பார்கள் என்று மதிலுக்கு அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். கடல்தான் இருந்தது.

கல்லூரிச் சுற்றுலாவில் ஆள் தவறிப்போக வழியே இல்லை என்பது விடுதி மேடத்தின் பெருமை. இந்தப் பிள்ளைகள் ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே தலையை எண்ண முடியும்? அதனால் எல்லோருக்கும் ஜோடி போட்டுவிட்டார். வண்டி கிளம்புமுன் ஒவ்வொருவரிடமும் "உன் ஜோடி?" என்பார். "இருக்கா மேடம்" என்று ஜோடிக்காரி சொல்ல வேண்டும். சோடாபுட்டிக்கு ஜோடி வாயாடி. முதல் வருடத்திலிருந்து ஒரே அறை, ஒரே சோப்பு. காய்ச்சலில் இவள் முனகினால் தூக்கத்திலேயே எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்.

அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். மத்தியானம் படகில் வைத்து கூடப் படிக்கும் நெட்டையிடம் தன் மனசைச் சொல்லிவிடுவது என்று. படகை விட்டு இறங்கியதும் அவன் இந்த ஊரில் இருக்கும் மாமாவோடு போகிறான். அங்கிருந்தே கப்பல் வேலைக்கு. மற்றவர்களுக்கு இரவே திரும்பும் வண்டி. இன்று விட்டால் விட்டதுதான். "நீ சொல்லலைன்னா நானே உன்னைக் கடல்ல தள்ளிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே, காலையில் இவளுக்குத் தலை பின்னிவிட்டதும் வாயாடிதான்.

கழிப்பறையில் வரிசை நீண்டிருந்ததால் கைப்பையை, உள்ளே இருந்த போனோடு, அவளிடமே கொடுத்திருந்தாள்.

"வண்டியை விட்டுடாதடி."

"உன்னை விட்டுட்டு எங்கடி போகப் போறேன்? சீக்கிரம் போ, வெடிச்சிடப் போற!"

சீட்டுக் கொடுக்கும் அம்மாள் கூண்டுக்குள்ளிருந்து இவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன பாப்பா, விட்டுட்டுப் போயிட்டாங்களா? என் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துல என்னை மறந்துட்டு வீட்டுக்கே போயிட்டாரு. சாப்பாடு எடுத்து வைன்னு கூப்பிட்டப்பதான் ஆளு இல்லைன்னே தெரிஞ்சுதாம்!" என்று சிரித்தபடி தன் போனை நீட்டினாள்.

சோடாபுட்டிக்கு மனப்பாடமாகத் தெரிந்தது தன் எண் மட்டும்தான். அதையே அழுத்தினாள். வெகுநேரம் அடித்தபின் எடுத்தது வாயாடி.

"ஹலோ?"

"நான்தான்டி. இங்கேயே நிக்கிறேன். வண்டியை நிறுத்தச் சொல்லு."

வண்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, தன் இருக்கையிலிருந்தே வருவது போல அவ்வளவு பக்கத்தில், நெட்டையின் குரல்: "யாரு?"

"அவ அம்மா" என்றாள் வாயாடி. உடனே குரலில் தேன் தடவிக்கொண்டு, "ஆன்ட்டி, அவ பின் சீட்ல அசந்து தூங்குறா. எழுந்ததும் பேசச் சொல்றேன். சரிங்க ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள்.

மறுபடி அழுத்தியபோது அந்தப் பக்கம் போன் அணைக்கப்பட்டிருந்தது.

"கிடைச்சாங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, படகுத்துறைக்கு வழி கேட்டாள். அது கரையின் வளைவில் கண்ணுக்குத் தெரிந்த தூரம்தான் என்று அந்த அம்மாள் கை காட்ட, வெயிலில் நடக்க ஆரம்பித்தாள். இரைச்சலில் காதில் விழுந்திருக்காது என்று முதலில் நினைத்துப் பார்த்தாள். ஏதோ விளையாட்டு, துறையில் நின்றுகொண்டு ஏமாந்தியா என்று கட்டிக்கொள்வாள் என்றும் நினைத்தாள். நினைக்க நினைக்க அந்த 'ஆன்ட்டி'தான் காதுக்குள் ஒலித்தது. எவ்வளவு சரளமாக வந்தது! தட்டுத் தடுமாறியிருந்தாலாவது மன்னிக்க ஒரு இடம் கிடைத்திருக்கும். இவள் மனசைச் சொல்லச் சொல்லக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாளே, அத்தனை நாளும் அவள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்?

துறைக்கு வந்தபோது படகு நடுக்கடலுக்குப் போயிருந்தது. படகென்றாலே குமட்டும் என்பதால் விடுதி மேடம் மட்டும் கரையில், பெஞ்சில், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் பழம் கையிலிருந்து நழுவி உருண்டது.

"நீ... படகுல இல்ல?"

"பஸ்லயே இல்ல மேடம்."

"உன் ஜோடி இருக்கான்னு வாயைத் திறந்து சொன்னாளேடி! பின்னாடி தூங்குறான்னு வேற சொன்னா! பார்க்காம சொல்லிட்டாளா?"

பார்க்காமல்தான் சொல்லிவிட்டாள் மேடம், பாவம். மூன்று வருடப் பழக்கத்தில் அந்தப் பதில் தானாகவே நாக்கு நுனிக்கு வந்தது. சோடாபுட்டி அதை விழுங்கினாள்.

"தெரிஞ்சுதான் சொன்னா மேடம்."

மேடம் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார். இவள் உட்காரவில்லை.

படகு திரும்பி வந்தது. முன்பக்கக் கம்பியோரம் நெட்டையும் அவனை ஒட்டி வாயாடியும். அவள் தோளில் அவனுடைய சட்டை காற்றுக்குப் படபடத்தது. கரையில் இவள் நிற்பதைக் கண்டதும் வாயாடி ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டுவிட்டவள் போல ஆட்ட ஆரம்பித்தாள். நெட்டையும் கண் இடுங்கச் சிரித்துக் கையசைத்தான்.

படகுக்காரன் கயிற்றை வீசினான். அது கரைக்கு எட்டாமல் சோடாபுட்டியின் காலுக்குக் கீழே தண்ணீரில் விழுந்தது. அவன் சொட்டச் சொட்ட அதை இழுத்துச் சுருட்டிக்கொண்டு, "ஏம்மா, இந்தத் தடவை கொஞ்சம் புடி!" என்று கத்தி மறுபடியும் கையை ஓங்கினான்.