ரைட் கிளி

"நான்தான் சின்னவன். வயசு இருபத்திமூணு. ஆபீஸ்ல, மூணாவது மாடியில இருக்கேன்." அம்மாவின் போன் யார் கையில் இருக்குமோ என்ற பயத்தில் அவன் எப்போதும் இப்படித்தான் தொடங்குவான். கைகள் வேலையில் இருந்ததால் வாயால் சொன்னான். போன் எழுத்தாக்கி அனுப்பியது. "லெஃப்ட் கிளி நல்லா இருக்கு. ரைட் கிளி செத்துப்போச்சு. நாலு மணிக்குள்ள உயிர் வரலேன்னா என்னையும் திருப்பி அனுப்பிடுவாங்க."

அவன் சொன்னது கிளிக். போன் 'க்'கை முழுங்கிவிட்டது.

அடுத்த நிமிடமே அக்கா அழைத்தாள். "டேய், ஆபீஸ்ல கிளி வளர்க்கிறியா? அம்மா இங்க அழுவுறாங்க!"

"ஐயோ அக்கா, கிளியில்ல, கிளிக்! மவுஸ் பட்டன்!"

கம்ப்யூட்டர் திரையின் உச்சியில் மணி, சார்ஜ், ஒலி எல்லாம் காட்டும் மெல்லிய பட்டை ஒன்று உண்டு. அதற்கு மவுஸ் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை நிரந்தரமாக அவனுக்கு வைத்திருந்த மூன்று மாதப் பரீட்சை. மணிமேல் இடதுபக்கம் அழுத்தினால் காலண்டர் திறந்தது. ஸ்பீக்கர் படத்தில் வலதுபக்கம் அழுத்தினால் சத்தம் அடங்க வேண்டும், அடங்கவில்லை. காலையிலிருந்து தலைகீழாக நின்றும் பிடிபடவில்லை.

"இந்தா, கேளு. ஒரே ஒரு தடவைதான் அமுக்கறேன்" என்று போனை மவுஸ் பக்கத்தில் வைத்தான்.

"ஒண்ணா? டிக் டிக்குன்னு ரெண்டுல்ல கேக்குது?"

"அது கையை எடுக்கற சத்தம்க்கா..."

சொல்லும்போதே அவனுக்குப் பொறி தட்டியது. அழுத்தும்போது மவுஸிலிருந்து ஒரு சேதி, விடும்போது இன்னொரு சேதி. இரண்டையுமே கிளிக்கென்று எண்ணியிருக்கிறான்! அழுத்தினால் சத்தம் அடங்குகிறது, விட்டால் திரும்பி வருகிறது, கண்ணிமைக்கும் நேரத்தில். திறந்த காலண்டரை மறுபடி திறந்தாலும் ஒன்றும் தெரியாது, அதனால் இடதுபக்கம் தப்பித்தது.

"அக்கா, நீ தெய்வம்!"

"தெரியும். வேலையப் பாரு, பைத்தியம்."

விரல்கள் பறந்தன. விடும் சேதியைக் கண்டுகொள்ளாதே என்று ஒரே வரி. பட்டை அணைந்து மறுபடி எழுவதற்குள் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். இன்னும் ஒருமுறைகூட அவன் சோதித்துப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதா தம்பி? தள்ளுங்க, நானே பாக்கறேன்." மேலதிகாரி குனிந்து வலதுபக்கம் அழுத்தினார். சத்தம் அடங்கியதற்கு அடையாளமாக ஸ்பீக்கர்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர் என்னவோ கேட்க, இவர் பட்டனை அமுக்கியபடியே திரும்பிப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

அவன் இன்னும் துண்டிக்காத போனை வாயருகே கொண்டுபோனான். "அங்க யாரு இருந்தாலும் சரி, கொஞ்சம் லைன்லயே இருங்க."

அவர் விரல் இன்னும் மேலே எழவில்லை.