கெட்டுப்போகாத பாகு

அக்டோபர் பிறந்து பத்து நாளாகியும் ஃபிரிஸ்கோவில் வெயில் தொண்ணூறு ஃபாரன்ஹீட்டை விட்டு இறங்குவதாக இல்லை. கடை வாசலில் பூசணிக்காயைக் குவித்துவிட்டால் இலையுதிர் காலம் தானாக வந்துவிடும் என்று டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு நினைப்பு. கிருபாராணி வீட்டில் அது அடுப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். நான்கு கோப்பை ஆப்பிள் சாறு, ஒரு பெரிய கருப்பட்டி, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, நசுக்கிய சுக்கு, சீவிய ஆரஞ்சுத் தோல். எல்லாம் கொதித்துப் பாதியாக வற்றியதும் வடிகட்டி, ஆறியபின் மூன்று கரண்டி போர்பன் விஸ்கியை ஊற்றி ஒரு கலக்கு. அப்படிச் செய்தால் பாகு வெளியே இருந்தாலும் சீக்கிரம் கெடாது. அமெரிக்கச் செய்முறையில் கருப்பட்டி கிடையாது, பழுப்புச் சர்க்கரைதான். அதைச் சர்க்கரை என்று ஒப்புக்கொள்ளவே, பனைமரச் சீமையான நாசரேத்தில் பிறந்த அவளுக்கு மனம் வரவில்லை.

இந்தப் பாகு ஒரு பங்கு, போர்பன் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு முக்கால் பங்கு. ஐஸ் போட்டுக் குலுக்கினால் காக்டெய்ல். குலுக்குவதற்கென்றே விற்கிற எவர்சில்வர் குடுவையை வாங்க அவளுக்குக் கூச்சம். காலியான ஊறுகாய் பாட்டிலைச் சோடா உப்புப் போட்டு மூன்று முறை கழுவி வைத்திருந்தாள். அப்படியும் மூடியில் லேசாகப் பெருங்காயம் மணக்கும்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவள் மகள் ஆஷ்லி. அப்பா இறந்த வருடம் சான் ஹோசேயில் வேலைக்குச் சேர்ந்தவள், அம்மா தனியாக இருக்கிறாளே என்று ஒரு ஏற்பாடு செய்தாள். வெள்ளிக்கிழமை இங்கே ஆறு மணி, அங்கே நான்கு. இரண்டு பேரும் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரே காக்டெய்லைச் செய்து, எதிரெதிரே உட்கார்ந்து குடிக்க வேண்டும். ஐம்பது வயது வரை தேவாலயத்தில் தரும் திருவிருந்துத் திராட்சை ரசத்தைத் தவிர வேறெதையும் தொடாத கிருபாராணி முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் வாய்க்கு யோசித்தாள். மூன்றாம் வாய்க்கு, "பரவால்லடி" என்றாள்.

வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியக் கூட்டத்தில் ஜெபக் குறிப்புகளை வாசிப்பவளே அவள்தான். அந்தக் குறிப்புகளில் பாதி, யாருடைய தம்பியோ மச்சானோ குடியிலிருந்து விடுபட வேண்டும் என்பதாக இருக்கும். அதனால் பாட்டில் வாங்க உள்ளூர்க் கடைக்குப் போகமாட்டாள். டோல்வே என்கிற சுங்கச் சாலையில் ஏறி, பக்கத்து ஊரான பிளானோவையும் தாண்டிப் போய், முகம் தெரியாத கடையில் வாங்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையும் திறக்காது. அந்த ஒரு விஷயத்தில் டெக்சாஸ் சர்க்காரும் அவளுடைய சபையும் ஒரே கட்சி.

உண்மையைச் சொன்னால், குடி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அரை கிளாஸோடு நிறுத்திவிடுவாள். அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரே ஒரு முகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. இந்த வருடம் அதற்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது. மூன்று வெள்ளிக்கிழமைகளாக ஆஷ்லியிடமிருந்து ஒரே செய்தி: "நெக்ஸ்ட் வீக், மா. ப்ராமிஸ்." அவள் வாழ்க்கை அவளுக்கு. கிருபாராணி கோபித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அடுத்த வாரத்துக்கென்று பாகு காய்ச்சிக்கொண்டே இருந்தாள். பாட்டில்கள் சேர்ந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை மாலை எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். ஷஹீமா. கீழக்கரைப் பக்கம்; வளர்ந்தது சென்னையில். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். குடிவந்து நான்கு மாதமாகியும் கராஜ் கதவு மூடுகிற இடைவெளியில் கையசைத்துக்கொண்டதோடு சரி. வீடு மாறி வந்த பார்சல் ஒன்றைக் கொடுக்க வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, இது உங்க வீட்டுது" என்று சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

ஒருத்தி வாசலில் நின்று இப்படி இருமினால், எதையாவது கொடுக்காமல் அனுப்ப நம்மூர்ப் பெண்களுக்குக் கை வராது. கிருபாராணியின் கை யோசிக்கவே இல்லை. உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்துவிட்டது.

"சுக்கு, கிராம்பு, பட்டை, கருப்பட்டி எல்லாம் போட்டுக் காய்ச்சினதும்மா. சுடுதண்ணில ரெண்டு ஸ்பூன் கலந்து குடி. ரெண்டே நாள்ல கேக்கும்."

"கஷாயமா ஆன்ட்டி? எங்கம்மாவும் பண்ணுவாங்க."

"கஷாயம்தான்" என்றாள் கிருபாராணி. காக்டெய்லுக்கு என்று வாசலில் நின்று சொல்ல முடியுமா?

மறுநாள் மாலை ஐந்தரைக்கு ஷஹீமா மறுபடியும் வந்தாள். தொண்டை கொஞ்சம் தேவலை என்று சொல்லிவிட்டுப் போக வந்தவளை கிருபாராணி உள்ளே கூப்பிட்டாள். சமையலறை மேடை ஓரம் இரண்டு பேரும் உயர ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கோப்பை சுடுதண்ணீரில் பாகைக் கலந்து ஊதி ஊதிக் குடித்தார்கள். ஷஹீமாவின் கணவன் ஜாவித்துக்கு சிகாகோவில் ப்ராஜெக்ட். திங்கள் காலை பறந்தால் வியாழன் ராத்திரிதான் வருவான். இவளுக்கு வேலை செய்ய விசா அனுமதி இன்னும் வரவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு நாள் முழுக்க யார்கிட்டயும் பேசலைன்னு சாயந்தரம்தான் தெரியும் ஆன்ட்டி. போன்ல ஹலோ சொன்னா வாய்ஸ் கரகரன்னு வரும்" என்று சிரித்தாள்.

கிருபாராணிக்கு அந்தக் கரகரப்பு நன்றாகத் தெரியும். பிஸ்கட் டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

திங்கள் வந்தாள். செவ்வாய் வந்தாள். புதன்கிழமை ஆன்ட்டி போய் அக்கா வந்தது. கிருபாராணி நான்கு மணிக்கே முகம் கழுவிப் பொட்டலத்திலிருந்து புது நைட்டியைப் பிரித்து, பிறகு நைட்டி வேண்டாம் என்று சுடிதார் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்வதற்கு இந்தப் பரபரப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே ஏலக்காய் பிஸ்கட் வாங்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆஷ்லி வழக்கம்போல அடுத்த வாரம் என்றாள். போகட்டும் என்று கிருபாராணி புதுப் பாகை இறக்கி ஆறவைத்தாள். அலமாரிக்குள் வினிகர் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த போர்பனை எடுத்து முதல் கரண்டியை ஊற்றினாள். இரண்டாவது கரண்டி பாதி வழியில் நின்றது.

எதிர்வீட்டில் இருக்கிற பாட்டிலிலும் இது மூன்று கரண்டி இருக்கிறது. இங்கே தினமும் கலந்து குடித்ததிலும்தான்.

கரண்டியை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். குலுக்கும்போது ஊற்றுவதுதான் அவள் கணக்கில் விஸ்கி; கெடாமலிருக்க ஊற்றுவது கணக்கில் வந்ததே இல்லை. ஷஹீமா ஒரு பாக்கெட் சிப்ஸைக்கூடத் திருப்பி, ஹலால்தானா என்று பொடி எழுத்தில் இருக்கிற சேர்மானத்தைப் படித்த பிறகே வாயில் போடுகிறவள். இந்த வீட்டில் மட்டும் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. கொடுத்ததைக் குடித்தாள்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கிருபாராணிக்கு அது தெரியாமல் இல்லை. செருப்பைக்கூட மாட்டினாள். அப்புறம் கழற்றினாள். சொன்னால் அந்த ஸ்டூல் காலியாகிவிடும். அதோடு, வீட்டில் விஸ்கி எதற்கு என்ற கேள்வியும் வரும். ஆறு நாள் பழக்கத்தில் எவ்வளவு தாங்கும்?

மறுநாள் போர்பன் சேர்க்காமல் ஒரு பாட்டில் காய்ச்சினாள். ஷஹீமாவை போனில் கூப்பிட்டு, "அந்தப் பழைய பாட்டிலை எடுத்துட்டு வாம்மா, அது பழசு, ஃப்ரெஷ்ஷா வேற தர்றேன்" என்றாள். வந்ததை வாங்கி, அவள் போனதும் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டி, குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டாள். காரியம் முடிந்தது. இனி அந்த வீட்டுக்குள் தப்பான சொட்டு ஒன்றும் போகாது. நடந்தது நடந்துவிட்டது, யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படித்தான் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஜெபம் பண்ண உட்கார்ந்தபோது மட்டும் வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம் அவள் நல்லபடியாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வெயில் ஒருவழியாக இறங்கியது. ஷஹீமா தன் மாமியாரைப் போல நடித்துக் காட்டினாள்; ஓட்டுநர் தேர்வில் தோற்றுப்போன கதையைச் சொல்லி அழுது, பாதியில் சிரித்தாள். ஒரு நாள் கிருபாராணி தன் கணவர் இறந்த காலையைப் பற்றிச் சொன்னாள். ஆஷ்லியிடம்கூட முழுதாகச் சொல்லாதது அது. ஷஹீமா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஆறு மணி ஆனதே தெரியவில்லை. காக்டெய்ல் கலக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. 

நவம்பர் முதல் வாரத்தில் ஷஹீமா கையில் ஒரு பாட்டிலோடு வந்தாள். மேடையில் வைத்து, மூடியைத் திறந்து காட்டினாள். பாகின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"பாருங்கக்கா! நானே பண்ணேன். நீங்க சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம. நாலே நாள்ல இப்படி ஆயிடுச்சு."

"வெளியவா வெச்சிருந்தே?"

"அடுப்பு பக்கத்துலதான். நீங்க மொதல்ல குடுத்த பாட்டிலும் அங்கதானே ஒரு வாரம் இருந்துச்சு? அதுக்கு ஒண்ணும் ஆகலியே. என்னமோ சீக்ரெட் வெச்சிருக்கீங்க, எனக்குச் சொல்ல மாட்டேங்கறீங்க." போனை எடுத்தாள். "இன்னிக்கு விடறதா இல்ல. அம்மாக்கு அனுப்பணும். பேர்கூட வெச்சுட்டேன், கிருபா அக்கா கஷாயம்னு. சொல்லுங்க, டைப் பண்றேன்."

எலுமிச்சை பிழிந்தேன், ஃப்ரிட்ஜில் வைக்கணும், பாட்டில் ஈரமாக இருந்திருக்கும். மூன்று பொய்யும் நாக்கு நுனியில் தயாராக நின்றன. எதைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள். கட்டைவிரலைத் திரை மேல் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கிருபாராணியால் பொய் சொல்ல முடியவில்லை.

"அதுல விஸ்கி இருந்துச்சும்மா."

ஷஹீமா சிரிப்பு மாறாமல், "என்னக்கா?" என்றாள்.

"கெடாம இருக்க மூணு கரண்டி விஸ்கி ஊத்துவேன். அது கஷாயம் இல்ல. நானும் ஆஷ்லியும் காக்டெய்ல் பண்றதுக்காகக் காய்ச்சறது. நீ இருமினியா, நினைவில்லாம எடுத்துக் குடுத்துட்டேன். சத்தியமா நினைவில்ல. ரெண்டாவது பாட்டில்ல இருந்து எதுவும் இல்ல, எல்லாமே சுத்தமானது."

ஷஹீமா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமை."

"பாட்டிலை மாத்திக் குடுத்தீங்களே, அதுக்கு முந்தின நாளா?"

"ஆமா."

"அப்போ ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கிருபாராணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெரியாம குடிச்சதுக்கு என் மேல குத்தம் இல்ல. அதை அல்லாஹ்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க வீட்ல என்ன குடிக்கறீங்கங்கறது உங்க இஷ்டம், நான் யாரு கேக்க? ஆனா டெய்லி என் எதிர்ல உக்காந்துட்டு, எல்லாக் கதையும் பேசிட்டு, இதை மட்டும் எப்படிக்கா சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னா நீ வரமாட்டியேன்னு பயந்துட்டேன்."

ஷஹீமா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இருமல் நாலாவது நாளே நின்னுடுச்சு. அதுக்கப்புறமும் தினம் எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க? கஷாயம் குடிக்கவா?"

ஷஹீமா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் ஐந்தரைக்கு அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கிருபாராணி செய்தி அனுப்பவில்லை. எழுதி எழுதி அழித்தாள். மூன்றாம் நாள் மாலை அவளே கிளம்பினாள். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அவளுக்கு வாழ்நாளில் பழக்கமில்லை. கேக் செய்யலாமா, முறுக்குப் பிழியலாமா என்று மாவு டப்பாவைத் திறந்துகூட விட்டாள். தன் அடுப்பில் செய்த எதை நீட்டினாலும், இதில் என்ன இருக்கிறதோ என்று அந்தப் பெண் ஒரு நொடி யோசிப்பாள். அந்த ஒரு நொடியைப் பார்க்கத் தெம்பில்லை. டப்பாவை மூடிவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

கதவோரம் கேமரா வைத்த அழைப்புமணி. அழுத்தினாள். நீல வளையம் சுற்றியது. உள்ளே குக்கர் விசில் அடிப்பது கேட்டது. யாரும் கதவைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து மணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, இன்னிக்கு வேணாமே."

"சரிம்மா" என்றாள் கிருபாராணி, கேமராவின் அந்தக் கண்ணாடிப் பொட்டைப் பார்த்து. மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்து வந்தது முழுவதும் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. ஒரு இயந்திரத்திடம் அதைச் சொல்ல முடியவில்லை.

திரும்பி நடந்தாள். அந்தப் பெண்ணின் வாசலிலிருந்து தன் வாசலுக்கு எண்பது அடிகூட இருக்காது. இத்தனை நாளும் ஷஹீமாதான் தினமும் அதைக் கடந்து வந்தாள். வரமாட்டாளே என்று பயந்து பயந்து ஜன்னலில் நின்றவளுக்கு, தானும் ஒரு நாள் அங்கே போயிருக்கலாம் என்பது இன்றுவரை தோன்றவே இல்லை.