அம்மன் தெரிந்தெடுத்த பிள்ளை

வைத்திலிங்க உபாத்தியாயர் படலையைத் திறந்து உள்ளே வந்ததும் மயில்வாகனம் முற்றத்தில் கதிரை போடுவித்தார். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள் முதல் உபாத்தியாயர் யார் வீட்டுக்கும் போனவரல்லர். தம் வீட்டுக்கு வந்ததில் வியப்பில்லை என்பதுபோல மயில்வாகனம் சால்வையைச் சரிசெய்துகொண்டார். மூத்த மகன் குமாரவேலு கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்ப்பதையும், தை மாதம் காரைநகரில் நல்ல குடும்பத்தில் அவனுக்குக் கலியாணம் நடக்கவிருப்பதையும் சொன்னார். உபாத்தியாயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இளையவன் எங்கே என்றார்.

இளையவன் இலட்சுமணன் மாட்டுப் பட்டியில் சரிந்துபோன கல்வேலியை அடுக்கிக்கொண்டிருந்தான்.

உபாத்தியாயர் வந்த காரியம் அவனைப் பற்றியது. அவருக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. வெளியூர் உபாத்தியாயர்கள் இந்தத் தீவில் தரிப்பதில்லை. தீவுப் பிள்ளை ஒருவன் ஆசிரியப் பரீட்சை எழுதிவந்தால் பள்ளிக்கூடம் நிலைக்கும். அதற்குக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. தம்மோடு அனுப்பினால் வீட்டில் வைத்துத் தாமே படிப்பிப்பதாகச் சொன்னார். சில நாட்களுக்கு முன் பால் கொண்டுவந்த இலட்சுமணன் வகுப்பு வாசலில் நின்றானாம். கரும்பலகையில் இருந்த கணக்கைப் பார்த்து அவன் உதடுகள் அசைந்தனவாம். உபாத்தியாயர் திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டானாம்.

மயில்வாகனத்துக்கு அது புதிதல்ல. தீவுப் பள்ளிக்கூடத்தில் குமாரவேலுவின் கணக்குகளையும் செய்து கொடுத்தவன் இலட்சுமணன்தான். ஆனால் அப்போது யாழ்ப்பாணக் கல்லூரிக்கு ஒருவனை அனுப்பத்தான் வசதி இருந்தது. மற்றவன் மாடுகளோடு நிற்கவேண்டியிருந்தது. தகப்பன் பிள்ளைகளில் ஒருவனைத் தள்ளி ஒருவனை எடுத்தார் என்று பேச்சு வரக்கூடாதென்று, இருவரையும் நயினாதீவுக்குக் கூட்டிப்போய் அம்மன் சந்நிதியில் பூக்கட்டி வைத்தார். மூத்தவனுக்கு வெள்ளைப்பூ, இளையவனுக்குச் சிவப்பு. ஐயர் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது.

அம்மனிடம் அவர் மனதுக்குள் கேட்டது யார் தோணி ஏறுவது என்பதை மட்டும்தான். திரும்பி வந்து கரையில் கால் வைத்ததும் மயில்வாகனம் அதை வேறுவிதமாகச் சொன்னார். படிப்பு மூத்தவனுக்குத்தான் என்று அம்மனே வாக்குத் தந்துவிட்டாள் என்றார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

"மூத்தவனுக்கு மூளை, இளையவனுக்கு மாடு. அம்மன் பிரிச்ச மாதிரி காணி உறுதி எழுதுற எந்த நொத்தாரிசு பிரிப்பான்?" என்று பக்கத்து வளவுச் சின்னக்குட்டி வேலிக்கு மேலால் சிரித்தான். இலட்சுமணனும் சேர்ந்து சிரித்தான். அதன்பிறகு அவன் எதையும் வாசிக்கவில்லை. முன்பு கடையில் சீனி சுற்றித் தந்த கடதாசியையும் விரித்துப் பார்க்கிறவன், துறையில் ஒட்டிய அறிவித்தலை யாராவது வாசிக்கச் சொன்னால், அண்ணை வந்தால் கேளுங்கோ என்று நகர்ந்துவிடுவான். குமாரவேலு கடைசிப் பரீட்சையில் இருமுறை தவறியது வீட்டுக்கு வெளியே தெரியாது. இலட்சுமணனுக்கும் தெரியாது.

கூப்பிட்டதும் அவன் சுண்ணாம்புக்கல் தூசி படிந்த கைகளோடு வந்து நின்றான். உபாத்தியாயர் சொல்லி முடிக்கும்வரை அவருடைய முகத்தையே பார்த்தான்.

"எனக்கு அது ஏறாது, வாத்தியார். அம்மன் சொன்னவ."

"அம்மன் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாவடா. கொப்பரைக் கேள்."

இலட்சுமணன் தகப்பனைப் பார்த்தான். குசினி வாசலில் தாய் இலட்சுமிப்பிள்ளை அகப்பையோடு வந்து நின்றாள். மகனுடைய கண்ணில் ஒரு கேள்வி இருந்ததை இருவருமே கண்டார்கள். உபாத்தியாயர் சொன்னதற்கு ஓம் என்று ஒரு சொல் போதும். ஆனால் காரைநகரார் பெண் கொடுக்கச் சம்மதித்தது அம்மனே தெரிந்தெடுத்த பிள்ளை என்ற பேச்சைக் கேட்டுத்தான். அது வெறும் பூ என்று இந்த முற்றத்தில் சொன்னால், நாளைக்குத் துறையில் நின்று சொன்னதாகிவிடும். மயில்வாகனம் நிமிர்ந்து இருந்தார்.

"அம்மன்ரை வாக்கை இந்த வீட்டிலை ஆரும் மீறினதில்லை, வாத்தியார்."

இலட்சுமணன் தலையாட்டினான். மெத்தச் சரி என்பதுபோல ஆட்டினான். பட்டிக்குத் திரும்பிப் போனான். கல்லின்மேல் கல் வைக்கும் சத்தம் முன்போலவே கேட்டது.

"நீங்கள் உண்டெண்டால் உண்டு, இல்லையெண்டால் இல்லை," என்று சொல்லிவிட்டு இலட்சுமிப்பிள்ளை உள்ளே போனாள்.

உபாத்தியாயர் புறப்பட்ட அன்று மயில்வாகனம் மரியாதைக்காகத் துறைக்குப் போனார். நீர் வற்றியிருந்ததால் தோணி கரைக்கு வர ஏலாமல் தூரத்தில் நின்றது. உபாத்தியாயரின் புத்தகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இலட்சுமணன் கடலில் இறங்கினான். தண்ணீர் அரைக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு வந்தது. ஒவ்வொரு அலைக்கும் பெட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தினான்; தன் முகத்தில் அடித்த தண்ணீரை அவன் பொருட்படுத்தவில்லை. ஒரு துளியும் படாமல் அதைத் தோணியில் ஏற்றினான். உபாத்தியாயர் குனிந்து ஏதோ சொன்னார். காற்றில் அது கரைக்குக் கேட்கவில்லை.

பாய் விரிந்தது. தோணி சிறுத்துக்கொண்டு போனது. இலட்சுமணன் நெஞ்சளவு தண்ணீரில் அப்படியே நின்றான். பெட்டி போய்விட்ட பிறகும் இரண்டு கைகளும் தலைக்கு மேலேதான் இருந்தன.