வீரபாகு தின்ற தெருக்கள்

"ஏளா வடிவு, எனக்குத் தெரியலையே. தெரியாம இதுல எதளா வைக்க?" இசக்கித்தாய் கழுவிப் போட்ட வெறும் இலையைத் தட்டிக்காட்டிக் கேட்டாள்.

கிட்டங்கியில் உப்பு மூட்டை நிறுத்துக்கொண்டிருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த வீரபாகுவை, நேற்றுச் சாயங்காலம் எரித்தாயிற்று. இன்று காடாத்துச் சடங்கு. செத்தவர் விரும்பித் தின்றதை இலையில் வைத்துப் படைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் குறையோடு போவாராம். கூடவே கிடந்த பெண்டாட்டிக்கே தெரியவில்லையென்றால், ஏரலில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு எப்படித் தெரியும்? அருணாசலவடிவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"ஒரு நாளாவது இது வேணும்னு கேட்டிருக்காவளாம்மா?"

"எங்க கேட்டாவ! புதுத் துறைமுகம் தொறந்ததுல இருந்து வேலை கூடிப்போச்சுன்னு நேரங்கழிச்சு வருவாவ. தட்டைப் பாத்ததும் 'பசிக்கலளா'ம்பாவ. வயித்துப் புண்ணுன்னுல்லா நெனைச்சேன்! அதான் மொளகாயே காட்டாம கஞ்சியும் பருப்புமா ஆக்கிப்போட்டேன். நானும் அதையேதான் குடிச்சேன்."

கிட்டங்கிப் பக்கம் விசாரித்துப் பார்க்கலாமென்று வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

கிட்டங்கிக்கு எதிரே பரோட்டாக் கடை. சொரிமுத்து மாவை அடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி மவளாம்மா நீ? பொரிச்ச பரோட்டான்னா அவியளுக்கு உசிரு. எண்ணெயில முறுகப் பொரிச்சு, சால்னா ஊத்துன கையோட திங்கணும்பாவ. ஆனா இங்கன ராத்திரி மட்டுந்தான். காலையில அம்புரோஸ் கடைக்குல்லா போவாவ?" என்று ஒரு பொட்டலத்தைக் கட்டி நீட்டினார்.

கடற்கரைத் தெருவில் அம்புரோஸ் சுறாப்புட்டைச் சூடாகக் கட்டிக்கொடுத்தான். "பூண்டு தூக்கலாப் போடச் சொல்லுவாவ. வெள்ளிக்கிழமைன்னா மட்டும் இந்தப் பக்கம் வரமாட்டாவ. காயல்காரம்மா வீட்டு வட்டிலப்பம்தான்."

நூர்ஜஹான் வாசலுக்கே வந்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தைக் கிண்ணத்தோடு நீட்டினாள். "மவுத்துச் சேதி கேட்டதுல இருந்து மனசே சரியில்லம்மா. வாய்க்கு ருசியா வாழ்ந்த மனுசன்."

வடிவு நடுத்தெருவில் வெயிலில் நின்றாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, வீட்டுக்குத் தெரியவில்லை. வயிற்றுப் புண்ணாம், வயிற்றுப் புண்! அவர் வயிறு ஆற வேண்டுமென்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் கிடந்தாள். இவரானால் அன்றைக்கென்று பார்த்து வட்டிலப்பம் தின்றிருக்கிறார். செத்தவரைத் திட்டக்கூடாது என்றுதான் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"நல்லா இருந்தீருய்யா!" என்று வாய்விட்டே சொன்னாள். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அம்மாவிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று வாசலில் தயங்கினாள். அதற்குள் சால்னா வாசனை அவளை முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். இசக்கித்தாய் பரோட்டா, சுறாப்புட்டு, வட்டிலப்பம் என்று ஒவ்வொன்றாக இலையில் எடுத்து வைத்தாள். சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். சூடம் அணைந்த பிறகும் இலை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பரோட்டாவில் ஒரு துண்டைப் பிய்த்து, சால்னாவில் தோய்த்து வாயில் போட்டாள். காரத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

"நல்லாத்தாம்ளா இருக்கு."

இசக்கித்தாய் சுறாப்புட்டில் கொஞ்சம் அள்ளிக்கொண்டாள்.

"என்னையும் ஒரு நா கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?"

வடிவு தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குப் போனாள். செம்போடு அவள் திரும்பி வந்தபோது, அம்மா இலையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.